கலீல் முடிக்காத வெடிகுண்டு

ஒட்டி வைத்த முள் நகர்ந்திருந்தது.

பெரிய நகர்வு இல்லை. ஓர் அரிசியின் நீளம் இருக்கும். முந்தின நாள் சாயங்காலம் ஃபஸ்னா தன் கையாலேயே பசை தடவி, பல்குத்தும் குச்சியால் அழுத்திப் பிடித்து, பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்படி நிறுத்திய பெரிய முள், காலையில் தூசி தட்டப் போனபோது பன்னிரண்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. பசை காய்ந்த இடத்தில் கண்ணாடி மாதிரி ஒரு சொட்டு. அதில் விரிசல் எதுவும் இல்லை. அவள் துணியைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் பார்த்தாள். தப்பாக ஒட்டியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டு அடுத்த தட்டைத் துடைக்கப் போனாள்.

சில மாதங்களாக அவள் மனம் எதிலும் அதற்கு மேல் போவதில்லை. வளைகுடா நாட்டில், முசஃபா ஷாபியாவில் நான்காவது மாடி வீடு அது. கணவன் கலீலுர் ரஹ்மான் இறந்த நாளிலிருந்து அதற்குள்தான் அவள் இத்தா இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் வாசலைத் தாண்டக் கூடாது, வெளி ஆண்கள் கண்ணில் படக் கூடாது, பூப்போட்ட துணி உடுத்தக் கூடாது. ஊரில் என்றால் வீடு நிறையப் பெண்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். இங்கே எதிர் வீட்டு ஜுபைதா லாத்தா மட்டும்தான். மகள் ஹஃபீஸாவின் பள்ளி வருடம் முடியட்டும் என்று இங்கேயே தங்கியாயிற்று. திரைகள் மூடியே கிடந்தன. திரைக்கு அப்பால் தொழிற்பேட்டையின் சத்தம், இரும்பு அறுப்பதும் லாரிகள் பின்னால் வரும்போது போடும் கூவலும், ஏசியின் முனகலோடு கலந்து நாள் முழுக்க ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. பெயிண்ட் வாடை வந்தது. சில நேரம் கடல் பக்கமிருந்து உப்பு வாடை வந்தது. இரண்டும் அவளுக்கு ஒன்றுதான்.

அவள் அழவில்லை என்று மாமி, கலீலின் உம்மா, ஊரில் வருத்தப்பட்டதாகக் கேள்வி. வருத்தப்படுவது நியாயம்தான் என்று அவளுக்கும் தோன்றியது.

கலீல் முசஃபாவில் போர்டு எழுதும் கடை வைத்திருந்தான். கடைகளுக்கு விளக்கு எழுத்துகள் செய்வது தொழில். வீட்டுக்கு வந்தால் வேறொரு வேலை இருந்தது. அவன் சின்னப் பையனாக இருந்தபோது அவன் வாப்பா துபாயிலிருந்து வீடியோ டெக் கொண்டு வந்த அன்று தெருவே கூடி உட்கார்ந்து பார்த்த ஒரு பழைய படம். வேறு கேசட் வரும்வரை அதையே மாதக்கணக்கில் பார்த்தார்களாம். அந்தப் படத்தில் வரும் பொருள்களை ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே செய்து கண்ணாடி அலமாரியில் அடுக்குவது அவன் பைத்தியம். வில்லனின் சிவப்பு டெலிபோன், ஒற்றைக்கண் பொம்மை, பாம்புத் தலை வைத்த கைத்தடி, ரகசியம் மறைந்திருக்கும் சிகரெட் பெட்டி, கதாநாயகியின் தங்கப் பல்லக்கு. ஆறாவது தட்டு காலி. கடைசிக் காட்சியில் வருகிற வெடிகுண்டுக்காக அதை விட்டு வைத்திருந்தான்.

அந்தக் காலத்துப் படத்து வெடிகுண்டு என்ன பெரிய வெடிகுண்டு. ஒரு பலகை, அதில் சிவப்புச் சாயம் பூசிய பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள், உள்ளே வெள்ளை சிமெண்ட், மேலே இரண்டு மணி வைத்த அலாரம் கடிகாரம், எங்கும் போய்ச் சேராத ஒயர்கள். பார்த்தால் சிரிப்பு வரும். அவனுடைய காக்கா, மூத்தவர் செய்கு அலாவுதீன், ஜுபைலிலிருந்து போனில் கேலி செய்வார். மற்றதெல்லாம் ஊருக்கு அனுப்பலாம், இதை மட்டும் நீ கார்கோவில் போட்டால் அனுப்பினவர் பெயர் என்று என் பெயரை எழுதிவிடாதே என்பார்.

கடிகாரம் ஊரிலிருந்து வந்தது, அவன் வாப்பாவுடையது. அது ஓடவில்லை. கலீல் அதைப் பிரித்து, உள்ளே இருந்த பல்சக்கரங்களையும் சுருளையும் மணியடிக்கும் சுத்தியலையும் கழற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டான். முகமும் முட்களும் மட்டும் போதும், படத்தில் அதுதானே தெரிகிறது என்றான்.

வேலை நீண்டுகொண்டே போனது. ஹஃபீஸா தினமும் கேட்பாள். அவளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர அவன் ஒரு நாளும் போனதில்லை, கடையை விட்டு வர முடியாது. அதனால் ஒரு நாள் அவளைத் தூக்கி மேசைமேல் உட்கார வைத்துச் சொன்னான்.

"பாம் முடியட்டும்மா. முடிஞ்ச அன்னைக்கு வாப்பாவே ஸ்கூலுக்கு வந்து உன்னைக் கூட்டிட்டு வர்றேன்."

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ். உம்மா சாட்சி."

அதற்கடுத்த வாரம் ஒரு மதியம், கடையிலிருந்து வண்டியில் வந்துகொண்டே போன் செய்தான். சோறு போட்டு வை, வந்துட்டேன் என்றான். அவள் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஹாரன் கேட்டது, நீளமாக. பிறகு போனில் ஒன்றும் கேட்கவில்லை. அடுப்புக்கு மேலே இருந்த கடிகாரத்தில் இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. அதை ஏன் பார்த்தாள் என்று தெரியாது. பார்த்தது மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

பனியாஸ் மையவாடியில் அடக்கினார்கள். ஜுபைலிலிருந்து வந்து குளிப்பாட்டிய இடத்தில் இருந்த செய்கு அலாவுதீன் காக்கா, திரைக்கு அந்தப் பக்கம் நின்று, மெதுவாகச் சொன்னார். முகத்தில் ஒரு கீறல் கூட இல்லை. கை இரண்டும்தான். அதைச் சேர்த்துத் துணியோடு கட்ட வேண்டியதாகிவிட்டது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஹஃபீஸாவிடம் எப்படிச் சொல்வது.

விபத்து நடந்த அன்று இரவு கலீலின் மேசைக்குப் போனபோது, பிரித்துப் போட்ட கடிகாரத்தின் முட்கள் மூன்று இருபதில் நின்றன. அவன் விளையாட்டாகத் திருப்பி வைத்திருப்பான் என்று நினைத்தாள்.

பிறகு நாள்கள் கிடந்தன. தொழுதாள், சமைத்தாள், ஓதினாள். மீதி நேரம் மிச்சமிருந்தது. ஒரு நாள் ஹஃபீஸா அலமாரி முன்னால் நின்று, காலித் தட்டைக் காட்டி, உம்மா நீங்க முடிங்களேன் என்றாள். ஃபஸ்னாவுக்கு மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. காக்கா அடுத்த மாதம் வந்து எல்லாவற்றையும் கட்டி ஊருக்கு அனுப்பப் போகிறார். ஒன்று குறையாக ஏன் போக வேண்டும். கலீல் படத்தை நிறுத்தி எடுத்து வைத்திருந்த மங்கலான புகைப்படத்தைப் பார்த்துப் பார்த்துக் குழாய்களுக்குச் சாயம் பூசினாள். உப்புத்தாள் தேய்த்தாள். விரல் நுனியில் சிவப்பு ஏறி, தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யும்போது கரைந்து போனது. புகைப்படத்தில் ஒயர்களின் நிறம் தெரியவில்லை. கதாநாயகன் ஒன்றை வெட்டுவான், எதை வெட்டுவான் என்று கலீல்தான் சொல்ல வேண்டும். கடையிலிருந்து வந்த ஒயர்ச் சுருளில் சிவப்பு மட்டும் இருந்தது. இரண்டையுமே சிவப்பாகப் போட்டாள். கடைசியாக முட்களைப் படத்தில் இருந்த மாதிரி ஒட்டினாள்.

அதுதான் நகர்ந்திருந்தது.

மறுநாள் காலை சின்ன முள் எட்டையும் ஒன்பதையும் பிரிக்கும் இடத்தில் நின்றது. பெரிய முள் நேர் கீழே. எட்டரை. ஹஃபீஸா சாக்ஸ் போட்டுக்கொண்டிருந்தாள், அடுக்களைக் கடிகாரத்தில் மணி ஏழு.

"நீ தொட்டியாம்மா?"

"இல்லம்மா. அதுவா ஓடுது. கரெக்ட்டா ஓடுது."

"எங்கே கரெக்ட். மணி இப்ப ஏழு."

"கரெக்ட்தான்," என்றாள் ஹஃபீஸா, ஷூ வாரை இழுத்தபடி, பெரியவர்களுக்குப் புரியாதது ஒன்றை விட்டுக்கொடுக்கிற குரலில். ஜுபைதா லாத்தா மணியடித்து அவளைக் கூட்டிக்கொண்டு கீழே போனாள்.

வீடு அடங்கிய பிறகு ஃபஸ்னா பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். சக்கரங்கள் இருந்தன. சுருள் இருந்தது, எண்ணெய் காய்ந்து, விரலுக்குச் சில்லென்று. சுத்தியல் இருந்தது. மூடி வைத்தாள். கடிகாரத்தின் பின்தகட்டைக் கழற்றினாள். உள்ளே இருட்டு. ஒரு பழைய பித்தளை வாடை, அதற்கடியில் வேறொன்று, மழை பெய்யாத ஊரில் வராத வாடை, தோண்டின மண்ணுடையது. தகட்டைத் திரும்பப் பொருத்தினாள். அப்போது கட்டடம் முழுக்க மின்சாரம் ஒரு கணம் போய் வந்தது. ஏசி நின்றது. எத்தனையோ மாதமாக நிற்காத அந்த முனகல் நின்ற இடத்தில், மிக மெல்லியதாக, நகத்தால் மேசையைத் தட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது. தட்டல். இடைவெளி. தட்டல். ஏசி மறுபடி கிளம்பி அதை மூடியது.

அவளுக்குப் பயம் வர நேரம் எடுத்தது. மரத்துப் போன காலில் உணர்ச்சி திரும்புவது போலத்தான் வந்தது, முதலில் கூச்சமாக, பிறகு ஊசிகளாக.

அப்புறம்தான் சிவப்பு முள்ளைக் கவனித்தாள். அலாரத்துக்கான சின்ன முள். அது துருப்பிடித்து மேலேயே கிடந்தது, அவள் அதை ஒட்டக்கூட இல்லை. இப்போது அது நாலுக்குச் சற்று முன்னால் நின்றது. மூன்று ஐம்பது என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்று இருபது அவள் நினைவுக்கு வந்தது. கலீல் போன நாளின் மூன்று இருபது. அந்த நேரத்தில் எதுவும் நடக்கவில்லையே என்று யோசித்தாள். அவன் போனது அதற்கு வெகு முன்னால். மூன்று இருபதுக்கு அவள் மருத்துவமனையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஆனாலும் முள் முள்தான். மூன்று ஐம்பதுக்கு ஏதோ இருக்கிறது. அந்த நேரத்துக்குக் குழந்தை எங்கே இருக்கும்?

வீட்டில்தான். பள்ளி இரண்டே காலுக்கு மேல் விடும், மூன்று மணிக்குள் பஸ் வாசலுக்கு வந்துவிடும். அது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. பகல் முழுவதும் அந்த நிம்மதியைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தாள். ஹஃபீஸாவுக்குப் பிடித்த மாதிரி மீன் பொரித்தாள். நாலு மணிக்கு அவளை ஜுபைதா லாத்தா வீட்டுக்கு ஓத அனுப்ப வேண்டாம் என்று முடிவு செய்தாள். கதவின் மேல் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள். மூன்றரைக்கே குழந்தையை மடியில் வைத்து, யாசீன் ஓதிக்கொண்டு, அந்த மூன்று ஐம்பதைக் கடத்திவிடலாம். நாளைக்கு அந்தப் பலகையை கட்டடத்தைக் காவல் காக்கும் நாத்தூரிடம் கொடுத்துக் குப்பையில் போடச் சொல்லலாம். காலித் தட்டு காலியாகவே ஊருக்குப் போகட்டும்.

மதியம் மாமி போன் செய்தாள். சாப்பிட்டாயா மவளே, பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று வழக்கமான கேள்விகள். ஃபஸ்னா வழக்கமான பதில்களைச் சொன்னாள். போனைக் காதில் வைத்தபடி கலீலின் அறைக்கு வந்தாள். பலகை தட்டில் இருந்தது. இப்போது ஏசி ஓடும்போதே சத்தம் கேட்டது.

"சரி மவளே, அசர் பாங்கு சொல்றாங்க. வைக்கட்டுமா?"

மாமியின் குரலுக்குப் பின்னால், கடலோரத்துப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில், பாங்கு எழுந்தது. காற்றில் கொஞ்சம் தேய்ந்து. ஃபஸ்னா சரி என்றாள். போன் அணைந்தது. இங்கே அசருக்கு வெகுநேரம் இருக்கிறது. ஊரில் ஆகிவிட்டது. ஊர் எப்போதுமே ஒன்றரை மணி நேரம் முன்னால்.

அவள் தட்டைப் பார்த்தாள். மூன்று நாற்பது.

போனைப் பார்த்தாள். இரண்டு பத்து.

இங்கே இருக்கிற எல்லார் வீட்டிலும் போல அவர்கள் வீட்டிலும் ஒரு கடிகாரம் ஊர் நேரத்தில் ஓடும். உம்மாவுக்கு மருந்து நேரம் தெரிய வேண்டும், பாங்கு நேரம் தெரிய வேண்டும் என்று கலீல் தன் மேசையில் எந்தக் கடிகாரத்தை வைத்தாலும் ஊர் நேரத்துக்குத்தான் வைப்பான். அவன் கைக்கடிகாரம் கூட அப்படித்தான். கேட்டால், இங்கே நேரம் காட்டத்தான் ஊர்ப்பட்ட கடிகாரம் இருக்கே புள்ளே என்பான்.

மூன்று இருபது. இங்கே இரண்டு மணிக்குப் பத்து நிமிடம். கஞ்சி வடித்துக்கொண்டிருந்த நேரம். ஹாரன்.

அது கரெக்ட்டாகத்தான் ஓடியிருக்கிறது. ஹஃபீஸா சொன்னாள்.

மூன்று ஐம்பது என்றால் இங்கே இரண்டு இருபது. பள்ளி விடுகிற நேரம்.

பள்ளிக்கு அடித்தாள். ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் காத்திருக்கச் சொன்னது, அரபியில் சொன்னது, மறுபடி ஆங்கிலத்தில். வைத்துவிட்டு ஜுபைதா லாத்தாவுக்கு அடித்தாள். லாத்தா தூக்கக் கலக்கத்தில், பஸ் வர இன்னும் நேரம் கிடக்கே, நான் பார்த்துக்கிறேன் நீ படு என்றாள். பஸ்ஸில் வரும் ஆயாவின் எண் எங்கே. மலையாளத்துப் பெண், புதிதாக வந்தவள். எண் இருந்தது. மணி போனது. போனது. பின்னால் குழந்தைகளின் கூச்சல்.

"ஹலோ, ஹஃபீஸா உம்மா பேசுறேன். ஹஃபீஸா ஏறிட்டாளா?"

"இல்லல்லோ மேடம்."

"ஏன்? எங்கே?"

"மோளோட வாப்பா வந்தல்லோ. கேட்டில கார்டு காட்டி அவர் கூட்டிட்டுப் போயி. டீச்சர் பறஞ்ஞு." குரல் கொஞ்சம் தயங்கியது. "மோள் நல்ல சந்தோஷமா போச்சு மேடம். ஓடிப் போச்சு."

ஃபஸ்னா போனை வைத்தாளா என்று தெரியவில்லை. அது கட்டில்மேல் கிடந்தது, பேசிக்கொண்டே.

தட்டல். இடைவெளி. தட்டல்.

மணி காட்டும் சின்ன முள் சிவப்பு முள்ளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பசைச் சொட்டு அப்படியே. முள் அதனூடாகப் போனது. அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். இரண்டு ஒயர். இரண்டும் சிவப்பு. அவள் போட்டதுதான். எதை வெட்ட வேண்டும் என்று கலீல் சொல்லவில்லை. சிரித்தான், முடியும்போது சொல்றேன் என்றான்.

ஒன்றை வெட்டினாள்.

சத்தம் நின்றது.

ஏசி கூட நின்ற மாதிரி இருந்தது. இரும்பு அறுக்கும் சத்தம் இல்லை. லாரி இல்லை. முள் நின்றுவிட்டது. சிவப்பு முள்ளுக்கு ஒரு மயிரிழை முன்னால். அவள் மூச்சு விட்டாள். வெகுநாளைக்குப் பிறகு மூச்சு விடுவது போல இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. ஆயா யாரையோ மாற்றிச் சொல்கிறாள். வேறொரு ஹஃபீஸா. வகுப்பில் எத்தனை ஹஃபீஸா இருப்பார்கள்.

அழைப்பு மணி அடித்தது.

இரண்டு தடவை. சின்னதாக ஒன்று, நீளமாக ஒன்று. கலீல் அப்படித்தான் அடிப்பான்.

பள்ளி இங்கிருந்து இருபது நிமிடத் தொலைவு.

கால்கள் அவளைக் கூடத்துக்குக் கொண்டு வந்தன. போகிற வழியில் அவள் கை தானாக மேலே போய், முந்தானையை இழுத்துத் தலையை மூடியது. வெளி ஆண் வந்தால் மூடுவது போல. மூடிய பிறகுதான் அது அவளுக்கே தெரிந்தது.

"உம்மா." குழந்தையின் குரல். கதவுக்கு வெளியே, பக்கத்தில். மூச்சிரைக்க, சிரிப்போடு. "உம்மா, ஓப்பன் பண்ணுங்க. வாப்பா வந்துட்டாங்க."

அவள் கதவை நெருங்கினாள்.

"நீங்கதான் ஓப்பன் பண்ணணுமாம். வாப்பாவால கையைத் தூக்க முடியலையாம்."

வாசல் இடுக்கு வழியே மணல் வந்திருந்தது. வீட்டுக்குள் கொஞ்சம். வெள்ளையாக, பொடியாக, ஈரமாக.

கதவின் கண்ணாடிக் குமிழில் கண்ணை வைத்தாள்.

ஹஃபீஸா நின்றாள். முதுகில் பை. ஒரு ஷூவின் வார் அவிழ்ந்திருந்தது. முகம் மேலே பார்த்துச் சிரித்தது. அவளுடைய வலது கை உயர்ந்திருந்தது, பெரியவர் கையைப் பிடித்து நடக்கிற உயரத்துக்கு. ஆனால் அது எந்தக் கையையும் பிடித்திருக்கவில்லை. பக்கத்தில் நின்ற வெள்ளைத் துணியின் முடிச்சு ஒன்றைப் பிடித்திருந்தது. துணி குறுக்காகச் சுற்றிக் கட்டியிருந்தது. தோள் வரைதான் தெரிந்தது. அதற்கு மேல் குமிழுக்கு எட்டவில்லை.

பின்னால், கலீலின் அறையில், சுத்தியல் இல்லாத மணி அடிக்கத் தொடங்கியது.

"உம்மா," என்றாள் ஹஃபீஸா. சிரிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. "கை சில்லுன்னு இருக்கு உம்மா. திறங்களேன்."

ஃபஸ்னாவின் கை தாழ்ப்பாளில் இருந்தது. எப்போது போனது என்று தெரியவில்லை. குழந்தை வெளியே நிற்கிறது. மேல் தாழ்ப்பாள் விலகிவிட்டது.

வெளியே துணி குனிந்தது. மெதுவாக, முதுகு வளையாமல், முழுசாக. குமிழுக்கு நேராக.

கண்ணாடியில் வெள்ளை மட்டும் இருந்தது.